செம்மணலும் சுனையும்: தேரி நாட்டுத் திருவிழாக்கள்



இந்த ஆண்டு அறக்கட்டளைப் பொழிவுக்கு என்னை அழைத்தபோது, பாலைவனத்துத் திருவிழாக்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். ராஜஸ்தானைப் பற்றியா என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். ராஜஸ்தானும் பேச்சில் வரும். ஆனால் நான் சொல்லவந்த பாலை, இந்த மண்டபத்திலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடம்.

நாம் கூடியிருக்கும் ஆத்தூர், தாமிரபரணியின் கடைசி வயலூர்களில் ஒன்று. 1873இல் கட்டி முடித்த ஸ்ரீவைகுண்டம் அணையின் தென்கால் பாசனம், வாழை, நெல், கொடிக்கால் என்று இங்கே வாழ்க்கை தண்ணீரோடேயே ஓடிவந்திருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை இந்த ஈரத்தின் பிள்ளை. இந்த ஊரில் நின்று தெற்கே கிளம்புங்கள். ஆறுமுகநேரி உப்பளம், காயல்பட்டினம், திருச்செந்தூர் எல்லாம் தாண்டி மேற்கே காயாமொழிப் பக்கம் திரும்பினால் வயல் மறைந்து பனை மட்டும் நிற்கும். பிறகு பனையும் குறைந்து, கண்ணுக்கெட்டிய மட்டும் சிவந்த மணல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். அதுதான் தேரிக்காடு. குதிரைமொழித் தேரி மட்டும் ஏறத்தாழ 12,000 ஏக்கர் என்பார்கள். சாத்தான்குளம் பக்கத்துத் தேரி தனி.

தேரியை மழைக்கணக்கில் பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டரை ஒட்டித்தான் மழை. தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி 65 சென்டிமீட்டரை ஒட்டி வரும். இங்கே பாலையை உண்டாக்கியது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்துவரும் தென்மேற்குக் காற்று, மலையடிவாரச் செம்மண் நிலத்தை வாரிக்கொண்டு வந்து கடலோரத்தில் கொட்டியது. பல ஆயிரம் ஆண்டுக் குவியல் அது. மணல் பருக்கை ஒவ்வொன்றின் மேலும் இரும்புத்துரு பூச்சாகப் படிந்திருப்பதால்தான் அந்த நிறம். காலை வெயிலில் காவி, நடுப்பகலில் செங்கல், மழை நனைத்தால் குங்குமம் என்று ஒரே மேடு மூன்று நிறம் காட்டும். சினிமாக்காரர்கள் தேடிவருவது இதற்காகத்தான்.

நம் இலக்கணத்தில் பாலைக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோ சொல்லிவைத்தார். நெய்தலுக்கு நடுவிலேயே ஒரு பாலை கிடக்கும் என்பதற்கு இந்தக் கரையோரம் சாட்சி. அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் பாலை; அந்தப் பாலைக்குள் திருவிழா.

தேரி எப்படி வந்தது என்பதற்கு இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஊருக்கு ஊர் பெயர் மாறும், முடிச்சு மாறாது. இந்த நிலம் ஒரு காலத்தில் சோலையாக இருந்தது. நடுவில் வற்றாத சுனை, சுனைக்கரையில் அதிசய மாமரம். அதன் கனி அரசனுக்கு மட்டும். ஒருநாள் சுனையில் தண்ணீர் எடுத்துப்போன ஒரு பெண்ணின் குடத்துக்குள் கனி விழுந்துவிட்டது. அவளுக்கே அது தெரியாது. திருடி என்று பழி சுமத்தி அவளைக் கொன்றார்கள். சாகும்போது அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து நாடு மூடிப்போனது. சுனை மட்டும் தப்பியது. அதை அய்யனார் காத்தார். மேலப்புதுக்குடியில் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனாரின் வரலாறாக இன்றும் இதைச் சொல்கிறார்கள். சுற்றிலும் செந்தேரி, நடுவில் மரமும் நிழலும் தண்ணீருமாக அந்தக் கோவில் இருப்பதைப் பார்த்தவர்களுக்குக் கதை பிறந்த வழி தெரியும்.

மண்ணியல் அறிஞர் காற்று என்கிறார், கதை சாபம் என்கிறது. மணல் பின்னால் வந்தது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. கதை கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது: தண்ணீர் எடுக்க வந்த ஏழைப் பெண்ணுக்குச் செய்த அநியாயத்தால் நாடு அழிந்தது, தண்ணீரைக் காத்தவன் தெய்வமானான். தேரி நாட்டின் அறம் இதில் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். என் பேச்சின் அடிப்படையும் இதுதான். மணல் நாட்டில் எங்கே நல்ல தண்ணீர் கிடைத்ததோ அங்கேதான் தெய்வம் நின்றது. எங்கே தெய்வம் நின்றதோ அங்கேதான் சனம் கூடியது.

திருச்செந்தூரில் முருகனைப் பார்க்கப் போகிறவர் கடலாடிவிட்டு நாழிக்கிணற்றில் குளிக்கிறார். கடலுக்குச் சில எட்டுத் தூரத்தில், படி இறங்கிப் போனால் ஒரு சிறு குழியில் உப்பில்லாத தண்ணீர். மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டு நிற்கும் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோவில். அதன் அடியில், 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. குகைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு. உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்கு முன்னால், அலை வந்து தொடும் மணலிலேயே நல்ல தண்ணீர் ஊற்று. அருஞ்சுனையைச் சொல்லிவிட்டேன். நாலு இடம், இரண்டு சமயம், தண்ணீரின் குணம் ஒன்று.

இதில் அதிசயம் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது. மழை மணலுக்குள் இறங்கும்போது, அடியில் பரவிக்கிடக்கும் கடல் நீரின் மேல் நல்ல தண்ணீர் தனிப் படலமாக மிதந்து நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபென் என்ற டச்சுப் பொறியாளரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடியை நாம் உறிஞ்சி எடுத்தால், காலப்போக்கில் அடியிலிருந்து 40 அடிக்கு உப்பு ஏறிவரும். நாழிக்கிணறு ஏன் அத்தனை சிறிய குழியாக இருக்கிறது என்று யோசித்ததுண்டா? அந்தக் குழியில் அவசரப்பட்டு இறைக்க முடியாது. ஊறுகிற அளவுக்குத்தான் கிடைக்கும்.

தேரி மணல் இந்தத் தண்ணீருக்கு வாய். களிமண் நிலத்தில் மழை ஓடிப்போகும். இந்த மணலில் பெய்தது பெய்த இடத்திலேயே இறங்கும். மேட்டிலிருந்து மெல்லக் கசிந்து பள்ளத்தில் தருவையாகத் தேங்கும், கரையோரத்தில் ஊற்றாக வெளிவரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த அவையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆத்தூர்ப் பக்கம் வயலும் வாழையும் மூழ்கின. அப்படிப்பட்ட மழையிலும், பெய்ததை உள்ளே வாங்கிக்கொள்ளும் மண் தேரி மண்.

இனித் திருவிழாவுக்கு வருவோம்.

தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார். கார்த்திகை முதல் தேதி தொடங்கி மாதம் முழுவதும் திருவிழா. மாதக் கடைசியில் கள்ளர் வெட்டு. அன்று பிற்பகல் கோவிலுக்குப் பின்னால் உள்ள தேரியில் சனம் ஏறி நிற்கும். செம்மணல் மேடு முழுவதும் தலைகள். சாமியாடிகள் வந்து, கள்ளனாகப் பாவித்த இளநீரை வெட்டுவார்கள். வெட்டு விழுந்த மறுகணம், இளநீர் சிந்திய மண்ணை அள்ள எல்லாரும் பாய்வார்கள். துண்டில் முடிந்துகொள்வார் ஒருவர், முந்தானையில் வாங்கிக்கொள்வார் இன்னொருவர். அந்தப் பிடிமண் வீட்டு நடையில் இருக்கும், தோட்டத்தில் தூவப்படும், கல்லாப்பெட்டிக்குள் போகும். சென்னையில் எத்தனையோ பலசரக்குக் கடைகளை நடத்துகிறவர்கள் உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத்து ஆட்கள். அந்தக் கடைகளில் சில்லறைக்கு அடியில் கிடக்கும் சிவப்பு மண் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்.

இந்த விழாவை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மணலால் வாழ்வு இழந்த நாடு, அந்த மணலையே பிரசாதமாக வாங்குகிறது. உவரியில் இதற்கு மறுபக்கம் உண்டு. அங்கே நேர்ந்துகொண்டவர்கள் கடலில் இறங்கி, ஓலைப்பெட்டியில் மண்ணை வாரித் தலையில் சுமந்துவந்து கரையில் கொட்டுவார்கள். 11 பெட்டி, 41 பெட்டி என்று நேர்ச்சை. ஒரு கோவிலில் மண்ணை வாங்குகிறார்கள், இன்னொன்றில் மண்ணைக் கொடுக்கிறார்கள். நெல்லும் பழமும் விளையும் ஊரில் விளைந்ததைப் படைப்பார்கள். மணல் மட்டுமே மிஞ்சிய ஊர், தன்னிடம் இருப்பதைத் தெய்வத்தோடு பரிமாறிக்கொண்டது.

அடுத்தது பங்குனி உத்திரம். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் அது முருகனுக்கு உரிய நாள். நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் அது சாஸ்தாவுக்கு உரிய நாள். குலசாஸ்தா கோவிலுக்கு அன்று போகாதவர் குடும்பத்தில் பேச்சு வாங்குவார். குலதெய்வம் எதுவென்று தெரியாமல் போனவர்களுக்கும் வழி இருக்கிறது, காரையாற்றில் சொரிமுத்து அய்யனாரைப் போய்க் கும்பிடலாம். தேரிக்குள் இருக்கும் சாஸ்தா கோவில்கள் ஆண்டில் பெரும்பாலான நாள் ஆளரவம் இல்லாமல் கிடப்பவை. உத்திரத்துக்கு முந்திய இரவே வேன்களும் பேருந்துகளும் வந்து நிற்கும். உடைமர நிழலில் அடுப்புக்கூட்டிப் பொங்கல் வைப்பார்கள். பூரணை புட்கலையோடு இருக்கும் சாஸ்தாவுக்குச் சைவப் படையல். பரிவாரமாக நிற்கும் சுடலைக்கும் கருப்பனுக்கும் பேச்சிக்கும் அவரவர் முறைப்படி.

இந்த நாளில் பக்திக்குப் பக்கத்திலேயே நடக்கும் இன்னொரு வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தலைக்கட்டு வரி. கலியாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. வரி நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் கோவில் நடையில் உட்கார்ந்திருப்பார். மும்பையிலிருந்து வந்தவர் தன் மகனுக்குக் கலியாணமாகிவிட்டதைச் சொல்லிப் புதுத் தலைக்கட்டு எழுதச் சொல்வார். போன ஆண்டு இறந்தவரின் பெயரில் கோடு விழும். மூன்று ஆண்டு வராதவன் வந்தால், பாக்கியோடு சேர்த்துக் கட்டுவான். பிழைக்கப் போன சனம் எங்கெங்கே இருக்கிறது, எத்தனை குடும்பமாகப் பெருகியிருக்கிறது, யாருக்கு யார் மாமன், மச்சான் என்ற கணக்கு ஆண்டுக்கொருமுறை அந்த மணலில் உட்கார்ந்துதான் சரிபார்க்கப்படுகிறது. விளைச்சல் இல்லாத நிலத்திலிருந்து ஆட்கள் வெளியேறுவது இயல்பு. வெளியேறியவர்களை விடாமல் பிடித்துவைக்கும் ஏற்பாட்டையும் அந்த நிலமே செய்துகொண்டது. மேடையில் யார் பேசினார், எந்தக் கலைஞர் ஆடினார் என்று எழுதும் நம் திருவிழாக் கட்டுரைகளில் இந்த வரி நோட்டுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை என்பது என் வருத்தம்.

நாளைக் கவனியுங்கள். கார்த்திகையில் மழை பெய்து மணல் இறுகியிருக்கும், தருவையில் தண்ணீர் நிற்கும், நடக்கலாம். பங்குனியில் பனை பாளைவிட்டுப் பதநீர் தொடங்கும். வெயில் இன்னும் முற்றியிருக்காது. தேரிக்குள் பெருங்கூட்டம் கூடும் இந்த இரண்டு விழாவும் காற்றுக் காலத்துக்கு வெளியே அமைந்திருக்கின்றன. ஆடிக்காற்றில் அந்த மேட்டின்மேல் குழந்தையோடு நிற்க யாராலும் முடியாது. நாள் குறித்தவர்களுக்கு நட்சத்திரமும் தெரியும், காற்றும் தெரியும்.

பதநீர் என்றதும் சந்தை நினைவுக்கு வருகிறது. கோவில் திருவிழா என்றால் கடைத்தெரு உண்டு. உடன்குடிக் கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, பனங்கிழங்குக் கட்டு, நுங்கு, ஓலைப்பெட்டி, சுளகு, அரிவாள், பாக்குவெட்டி. இவற்றை விற்றவர்களும் வாங்கியவர்களும் பனையை நம்பிப் பிழைத்தவர்கள். பதநீர்க் காலத்தில் நாளைக்கு இரண்டு வேளை பனையேறி, எஞ்சிய நேரத்தில் பாளை சீவும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவருக்கு ஊர் பார்க்க, உறவு பார்க்க, கலியாணம் பேச இந்தத் திருவிழாதான் இடம். இன்று கருப்பட்டிக்குக் கிராக்கி இருக்கிறது, ஏற ஆளில்லை. ராஜஸ்தானிலும் இதே கதை. புஷ்கர் சந்தை ஒட்டகம் விற்கவும் வாங்கவும் கூடிய சந்தை. ராஜஸ்தானில் 2012 கணக்கெடுப்பில் 3.26 லட்சமாக இருந்த ஒட்டகம் 2019இல் 2.13 லட்சமாகிவிட்டது. நடுவில் 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காகவும் அறிவித்தார்கள். பட்டம் கிடைத்தது, ஒட்டகம் குறைந்தது.

தார்ப் பாலையிலும் விழா தண்ணீரைத் தேடித்தான் போயிருக்கிறது. புஷ்கரில் ஏரி. பிகானேர்ப் பக்கம் கோலாயத்தில் ஏரி. இரண்டிலும் கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கூட்டம். பொக்ரான் அருகே ராம்தேவ்ராவில் ராம்சரோவர் என்ற குளம். அந்த ராம்தேவை இந்துக்கள் பாபா என்றும் முஸ்லிம்கள் ராம்சா பீர் என்றும் கும்பிடுகிறார்கள். குஜராத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் நடந்தே வருகிறவர்கள் துணியால் செய்த குதிரையைக் காணிக்கையாக வைக்கிறார்கள். அய்யனாருக்கு மண்குதிரை வைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் காணிக்கையைப் புரிந்துகொள்ள உரை தேவையில்லை. புஷ்கரில் 2009இல் ஏரி வற்றிப்போனது. அந்த ஆண்டு யாத்திரிகர்கள் செயற்கைத் தொட்டித் தண்ணீரில் முழுகினார்கள். மேளதாளம் எல்லாம் இருந்தது, ஏரிதான் இல்லை. அந்தச் செய்தி என்னை விட்டுப் போகவே இல்லை.

நம் கரையிலும் ஒரு பெரிய மணல்வெளிச் சந்தை இருந்து மறைந்திருக்கிறது. சலாபம். முத்துக்குளிப்பு நடக்கும் பங்குனி, சித்திரையில், கடல் அடங்கியிருக்கும் அந்தச் சில வாரங்களுக்கு வெறும் மணலில் ஓலைக்கொட்டகையால் ஒரு பட்டணம் எழும்பும். மூழ்குகிறவர், மண்டாடி, சுறாவைக் கட்டும் கடல்கட்டி, செட்டியார், அரபு வணிகர், சோறு விற்கிறவர், திருடர், போலீஸ் என்று எல்லாரும் வருவார்கள். மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கையின் மறிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல். பிறகு சிப்பி இல்லை, சந்தையும் இல்லை. அத்தனை பெரிய கூட்டம் நின்ற மணலில் இன்று போய்த் தேடினால் ஓர் அடையாளம் அகப்படாது. கோவிலோ கிணறோ இல்லாமல் சரக்கை மட்டும் நம்பி எழுந்த சந்தை சரக்கோடு போய்விட்டது. பரதவர் வாழ்க்கையில் சலாபம் போன பின்னும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா ஆகஸ்டு 5இல் நிற்காமல் நடக்கிறது. மணப்பாட்டில் செப்டம்பர் 14இல் திருச்சிலுவைத் திருவிழா நடக்கிறது. மணப்பாட்டுக் கோவில் 1581இல் கட்டியது. நாலரை நூற்றாண்டாக அந்த மணல்மேட்டுக்குச் சனம் ஏறிவருகிறது.

கிறிஸ்தவம் தேரி நாட்டுக்குள் வந்தபோதும் மணலின் இயல்புக்கு ஏற்றபடிதான் வேர்விட்டது. முதலூர் 1799இல் கிறிஸ்தவர்களுக்காக எழுந்த ஊர். கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்து அந்தச் செம்மணலிலேயே அரை நூற்றாண்டு வாழ்ந்தார். இந்த ஊர்களின் அசனப் பண்டிகையைப் பாருங்கள். ஊரே சேர்ந்து அரிசியும் காய்கறியும் கொடுத்து, ஒரே இடத்தில் சமைத்து, வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். திரும்பிப் போகும்போது பையில் முதலூர் மஸ்கோத் அல்வா. சாஸ்தா கோவில் பொங்கலும் ஆலய அசனமும் ஒரே அண்ணன் தம்பிமாரின் இரண்டு வீட்டுச் சாப்பாடு. உவரிக்கு மேற்கே, நம்பியாறு கடலில் சேருமிடத்தில் ஆத்தங்கரைப் பள்ளிவாசல் கந்தூரிக்கும் எல்லாச் சனமும் போகிறது. ஆறும் கடலும் மணலும் கூடுமிடம் அது.

என் கணக்குக்குள் அடங்காத விழா ஒன்று இருக்கிறது. குலசேகரன்பட்டினம் தசரா. அங்கே சுனைக் கதை கிடையாது. முத்தாரம்மன் அம்மை நோயை இறக்குகிறவள். குலசை பழைய துறைமுகம். இன்று லட்சக்கணக்கில் சனம் கூடும் அந்த விழாவின் சூட்சுமம் வேறு. இங்கே சனம் விழாவுக்குப் போவதற்கு முன், விழா சனத்திடம் வருகிறது. மாலை போட்டு விரதம் இருந்து, கொடியேறியதும் காப்புக் கட்டி, காளி, குறவன் குறத்தி, குரங்கு, ராஜா, பிச்சைக்காரன், போலீஸ் என்று வேடம் பூண்டு, தசராக் குழுவாக மேளத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரிக்கிறார்கள். லட்சாதிபதியும் தட்டை ஏந்தித்தான் ஆகவேண்டும். பிச்சைக்காரன் வேடம் நேர்ந்துகொண்டவர் அதைக் கேலிக்கூத்தாகச் செய்வதில்லை. கண் கலங்க வாசலில் நிற்பவர்களைப் பார்க்கலாம். இந்தக் கரையின் வீடுகள் எல்லாம் ஒருமுறையாவது கொடுத்திருக்கும், அல்லது வாங்கியிருக்கும். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்காரம். தன் முகம், சிங்கமுகம், எருமைமுகம், சேவல்முகம் என்று அசுரன் மாறிமாறி வருவான். அம்மன் சூலம் பாயும்போது எழும் ஆரவாரத்தில் அலைச் சத்தம் கேட்காது. அத்தனை பேரும் அடுத்த நாள் காப்பை அவிழ்த்துவிட்டுத் தொழிலுக்குத் திரும்புகிறார்கள். குலசைக்கு வேர் தண்ணீரில் இல்லை, கையேந்துதலில் இருக்கிறது. எந்த ஊர்க் கையும் எந்த ஊர் வாசலிலும் நீளலாம் என்ற ஒப்பந்தம் அது. மானாவாரி நாட்டில் அந்த ஒப்பந்தமும் ஒரு வகையில் சுனைதான்.

அதே குலசையில் 2024 பிப்ரவரி 28இல் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இலங்கையைச் சுற்றி வளையாமல் நேர் தெற்கே ராக்கெட் விடலாம் என்பதால் தேர்ந்தெடுத்த இடம். உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல்மின் திட்டம் எழும்பியிருக்கிறது. இவற்றை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் ஆட்கள் பெருகுவார்கள், விடுதிகள் வரும், எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். கடலோரக் கிணறுகள் உவராகிவரும் துயரத்தை உடன்குடி, திசையன்விளைப் பக்கத்து விவசாயிகள் பல ஆண்டாகச் சொல்லிவருகிறார்கள். ஓர் அடிக்கு 40 அடி என்ற கணக்கு அங்கே கண்ணுக்குத் தெரிந்தே நடந்துகொண்டிருக்கிறது. மழைக்கால வெள்ளத்தைச் சடையனேரிக் கால்வாய் வழியாகத் தேரிப் பக்கம் கொண்டுபோகும் ஏற்பாடு இருக்கிறது. ஆற்றுப் பாசனத்துக்காரர்களாகிய நாம், கடலுக்குப் போகிற வெள்ளத்தை அந்த மணலுக்குத் தாராளமாக விடச் சம்மதிக்க வேண்டும் என்று இந்த ஆத்தூர் மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். கார்த்திகையில் அங்கே இறங்கும் தண்ணீர், கரையோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் கோடைக்குக் காப்பு.

தேரி மணலுக்கும் விலை உண்டு. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் என்று கனிமங்கள் அதில் கலந்திருக்கின்றன. 2007இல் சாத்தான்குளம் வட்டாரத்தில் டைட்டானியம் எடுக்க டாடா நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது, திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. கனிமத்தை எடுத்துவிட்டு மணலைத் திருப்பிக் கொட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல ஆயிரம் ஆண்டாகக் காற்று சலித்துச் சலித்து அடுக்கிய மேட்டில், தண்ணீர் இறங்கும் பாதை அந்த அடுக்கிலேயே இருக்கிறது. கலைத்துக் கொட்டிய குவியலில் அந்தப் பாதை எப்படி இருக்கும்?

திருவிழாவைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். தார்ச்சாலை, அலங்கார வளைவு, விளக்குக் கோபுரம், சுற்றுலா விழா என்று மனு கொடுக்கிறோம். முதியவர்கள் ஏறிப்போகச் சாலை வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் தேரிக் கோவிலைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போடுவதை நான் எதிர்க்கிறேன். பெய்யும் மழையை அது வழித்து வெளியே தள்ளும். சுனைக்கு வரும் தண்ணீரைச் சுனையின் வாசலிலேயே மறிக்கும் வேலை அது. விழா நாளில் குடிநீர் லாரி வந்து நிற்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். தண்ணீர் இருந்ததால் கூடிய இடத்துக்கு, கூடியதால் தண்ணீர் கொண்டுபோகிறோம்.

ஒரு வேலையை முன்வைக்கிறேன். கோவில் நிர்வாகங்களும் ஆலயக் குருக்களும் ஜமாத்தும் நம் பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும் சேர்ந்தால் செய்துவிடலாம். அருஞ்சுனை, நாழிக்கிணறு, மணப்பாட்டுக் குகைக் கிணறு, உவரி ஊற்று, தேரிக்குள் இருக்கும் சாஸ்தா கோவில் கிணறுகள் எல்லாவற்றிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, உப்பு எவ்வளவு என்று அளந்து எழுதவேண்டும். ஒன்று கார்த்திகைக் கடைசியில், மழை முடிந்த நிலவரத்துக்கு. மற்றது பங்குனி உத்திரத்தில், கோடை தொடங்கும் நிலவரத்துக்கு. நாள் நம் முன்னோர் குறித்துக் கொடுத்தது, நாம் தேட வேண்டியதில்லை. தேவையானவை அடி குறித்த கயிறும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உப்பளக்கும் கருவியும். அளவைத் தலைக்கட்டு வரி நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி எழுதட்டும். மறு ஆண்டு நோட்டைப் பிரிக்கும்போது பெயர்களோடு சேர்த்து அதையும் சத்தமாக வாசிக்கட்டும். மும்பையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் தலைக்கட்டுகள் தங்கள் கிணறு இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகட்டும். பத்து ஆண்டு இப்படி எழுதினால், ஆட்சியர் அலுவலகத்தில் கொண்டுபோய் வைக்க நம் கையில் ஒரு கணக்கு இருக்கும். வரும் பங்குனி உத்திரத்துக்கு முன்னால் நாலு கோவில் நிர்வாகத்தாரை இதே மண்டபத்தில் கூட்டிப் பேச, அறக்கட்டளை ஒரு நாள் குறித்துத் தர வேண்டும்.